கோல் கட்டாகுது: கையை மாற்றுவதா, கவரையா, போனையா?

கொழும்பில் இருந்துகொண்டு சிக்னல் இல்லை என்று சொன்னால் முல்லைத்தீவில் இருப்பவர் சிரிப்பார். காலி வீதியில் எந்தச் சந்தியில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் ஏதோவொரு மொட்டைமாடியில் நீளமான வெள்ளை அன்டெனாப் பெட்டிகள் தெரியும். அப்படியிருந்தும் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் மாலையானால் காதில் விழும் வசனம் ஒன்றுதான்: "ஹலோ, கேக்குதோ? பொறுங்கோ, பல்கனிக்கு வாறன்."

இதற்கு நம்மிடையே புழக்கத்தில் உள்ள மருந்து இரண்டு. கம்பனியைத் திட்டிவிட்டு சிம்மை மாற்றுவது ஒன்று. போன் பழசாகிவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்குவது மற்றது. சிலருக்கு இவை பலிக்கும். பலருக்குப் பலிக்காது, புதுப் போனோடும் அதே பல்கனிக்கே போவார்கள். அழைப்பு அறுபடுவதற்கான காரணம் பிடிக்கும் கையில் இருக்கலாம், போனுக்குள் இருக்கலாம், வீட்டுச் சுவரில் இருக்கலாம். எங்கே என்று தெரிந்தபிறகு தெரிவு செய்வது பெரிய வேலையில்லை. என்னைக் கேட்டால் புதுப் போன் வரிசையில் கடைசி. அதற்கு முன்னால் பார்க்கவேண்டிய எல்லாமே அதைவிட மலிவானவை.

எவ்வளவு கையிருப்பு?

திரையின் மேல் மூலையில் தெரியும் கோடுகளை மறந்துவிடுங்கள். அவை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்கு வசதியாக வரைந்துகொள்ளும் படம். உண்மையான அளவு டிபிஎம் என்ற அலகில் மறை எண்ணாக இருக்கும். மறை 75 என்றால் நல்ல பலம், மறை 95 சுமார், மறை 110 தள்ளாட்டம், மறை 120 ஐ நெருங்கினால் அழைப்பு தாங்காது. ஆன்ட்ரொய்ட் போனில் செட்டிங்ஸுக்குள் போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலவரம் என்ற இடத்தில் இந்த எண் கிடக்கும். சம்சுங் போன்கள் பலவற்றில் *#0011# என்று அடித்தாலும் காட்டும். ஐபோனில் *3001#12345#* என்று அடித்து அழைப்புப் பொத்தானை அமுக்க வேண்டும்.

இந்த எண்ணின் ஏற்ற இறக்கத்தை டெசிபெல்லில் சொல்வார்கள், அது நேர்க்கோட்டில் ஏறி இறங்குவதில்லை. 3 டெசிபெல் குறைந்தால் பலம் பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒன்று. 20 குறைந்தால் நூறில் ஒன்று. காலி வீதியில் நடக்கும்போது மறை 75 இருந்தால், அறுபடும் எல்லைக்கு இன்னும் 40 டெசிபெல் கையிருப்பு இருக்கிறது. அங்கே போனை எப்படிப் பிடித்தாலும் ஒன்றும் ஆகாது. அதே போன் தொடர்மாடியின் உள்ளறையில் மறை 100 காட்டுகிறது என்று வையுங்கள். கொங்கிரீட் சுவர் ஒன்றே 10 முதல் 20 டெசிபெல் வரை விழுங்கும். இப்போது மிச்சம் 15, 20 தான். அதற்குமேல் உள்ளங்கை ஒரு 15 ஐ எடுத்துக்கொண்டால் பர்சில் பஸ் காசுகூட மிஞ்சாது. தெருவில் நன்றாக இருந்த போன் வீட்டுக்குள் கெட்டுப்போவதன் ரகசியம் இதுதான். அன்டெனாவின் பலவீனம் தெருவிலும் இருந்தது, அங்கே அது தெரியவில்லை, அவ்வளவே.

கடற்கரையை ஒட்டிய கட்டடங்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. மரைன் டிரைவுக்கு மேற்கே கடல். அந்தப் பக்கம் கோபுரம் எதுவும் நிற்கப்போவதில்லை, அலைகள் கிழக்கே காலி வீதிப் பக்கமிருந்துதான் வரவேண்டும். ஆகவே கடல் பார்த்த அறைக்கும் கோபுரத்துக்கும் இடையில் முழுக் கட்டடமும் குறுக்கே நிற்கிறது. கூடுதல் விலை கொடுத்து வாங்கும் அறையில் சிக்னல் குறைவாக இருப்பது கொழும்புக்கே உரிய வேடிக்கை. புதிய கோபுரக் கட்டடங்களில் வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சுள்ள கண்ணாடி போடுகிறார்கள். அது வெயிலோடு சேர்த்து அலையையும் திருப்பி அனுப்புகிறது, 20 டெசிபெல்லுக்கு மேலும் குறைக்கக்கூடியது. இருபதாம் மாடிக்கு மேல் போனால் சிக்கல் வேறு விதம். நிலையங்களின் அன்டெனாக்கள் தெருவை நோக்கிக் கீழே சாய்ந்திருக்கும், மேல்மாடிப் போனுக்கோ தூரத்து நிலையங்கள் பல ஒரே நேரத்தில் கேட்கும். எதோடு நிற்பது என்று தெரியாமல் அது தாவிக்கொண்டே இருக்கும். கோடுகள் நிறைந்திருந்தும் பேச்சு வெட்டி வெட்டி வருவது இப்படித்தான்.

2010 இல் ஒரு போன் சொல்லிக்கொடுத்தது

போனின் அன்டெனா பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ஐபோன் 4 இல் வந்து நிற்கும். 2010 ஜூன் 24 இல் விற்பனைக்கு வந்த அந்தப் போனின் ஓரத்தைச் சுற்றியிருந்த துருப்பிடிக்காத உருக்குப் பட்டியே அதன் அன்டெனா. இடப்பக்கத்து ஒரு துண்டு வைபை, புளூடூத், ஜிபிஎஸ் மூன்றுக்கும். மிச்சப் பெரிய துண்டு அழைப்புக்கும் டேட்டாவுக்கும். இரண்டையும் பிரிக்கும் மெல்லிய கறுப்புக் கோடு இடப்பக்கம் கீழே வந்தது. இடக்கையால் போனைப் பிடித்தால் உள்ளங்கையின் தசை பொருந்தும் அதே இடம். ஈரமுள்ள தோல் இரண்டு துண்டுகளையும் இணைத்துவிட, அன்டெனாவின் இசைவு (ட்யூனிங்) கலைந்து சிக்னல் சரிந்தது.

முறைப்பாடு எழுதிய ஒருவருக்கு அப்போதைய அப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் அனுப்பிய பதிலின் சாரம், அப்படிப் பிடிக்காமல் விடுங்கள் என்பது. உலகம் முழுக்கச் சிரித்தது. ஜூலை 2 இல் அப்பிள் வெளியிட்ட கடிதம், கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே முற்றிலும் தவறாக இருந்தது, பல வேளைகளில் இரண்டு கோடுகள் கூடுதலாகக் காட்டிவந்தோம் என்றது. பொருட்களைச் சோதித்துப் பார்க்கும் அமெரிக்க நுகர்வோர் சஞ்சிகையான கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் இந்தப் போனைப் பரிந்துரைக்க முடியாது என்று ஜூலை 12 இல் அறிவித்தது. ஜூலை 16 இல் ஊடகவியலாளர்களைக் கூட்டி, எல்லோருக்கும் கவர் இலவசம் என்றார் ஜொப்ஸ். 29 டொலருக்கு விற்ற ரப்பர் விளிம்பு அது. அதே மேடையில் மற்றக் கம்பனிகளின் போன்களும் கைக்குள் சிக்னல் இழப்பதை வீடியோவில் போட்டுக் காட்டினார். 2012 இல் அமெரிக்காவில் வழக்கு சமரசமானபோது வாங்கியவர்களுக்குக் கிடைத்த தெரிவு 15 டொலர், அல்லது ஒரு கவர்.

பகிடி இருக்கட்டும். நமக்குப் பயன்படுவது அப்போது ஆனந்த்டெக் என்ற தொழில்நுட்ப இணையத்தளம் எடுத்த அளவுகள். வெறும் ஐபோன் 4 ஐ இறுக்கிப் பொத்தினால் 24.6 டெசிபெல் இழப்பு. இயல்பாகப் பிடித்தால் 19.8. கவர் போட்டு இயல்பாகப் பிடித்தால் 7.2. அதே காலத்து நெக்சஸ் வன் போனை இறுக்கிப் பொத்தினால் 17.7, இயல்பாகப் பிடித்தால் 10.7. அதாவது எந்தப் போனும் கைக்குத் தப்பவில்லை, ஒன்று மட்டும் மற்றதைவிட மோசமாக அகப்பட்டது. ஒரு ரப்பர் விளிம்பு அந்த இடைவெளியை மூடிவிட்டது.

இன்னொரு எண் இதைவிடச் சுவாரசியமானது. அந்நாளில் ஐபோன் மறை 51 முதல் மறை 91 வரை எங்கே இருந்தாலும் ஐந்து கோடுகளையே காட்டியது. மீதி நான்கு கோடுகளுக்கும் கிடைத்தது 22 டெசிபெல் இடம் மட்டும். ஆகவே ஐந்து கோடுகளோடு இருக்கும் இரண்டு பேர் போனை இறுக்கிப் பொத்தினால், மறை 51 இல் நின்றவருக்கு ஐந்தும் அப்படியே இருக்கும், மறை 91 இல் நின்றவருக்கு எல்லாம் போய்விடும். என் போனில் ஒன்றும் ஆகவில்லையே என்று ஒருவரும், போன் குப்பை என்று மற்றவரும் சத்தியம் பண்ணியிருப்பார்கள். இரண்டு பேரும் சொன்னது உண்மை. இன்றைக்கும் ஒரே மாடல் போனைப் பற்றி பம்பலப்பிட்டிக்காரரும் கொட்டாஞ்சேனைக்காரரும் இப்படித்தான் சண்டை பிடிக்கிறார்கள்.

2011 ஒக்டோபரில் வந்த ஐபோன் 4எஸ் இரண்டு அன்டெனாக்களுக்கிடையில் மாறிக்கொள்ளும்படி அமைந்தது. கை ஒன்றை மறைத்தால் மற்றதுக்குத் தாவும். இப்போதைய போன்களில் அன்டெனாக்கள் இன்னும் அதிகம், கை பட்டால் இசைவைத் திருத்திக்கொள்ளும் சுற்றுகளும் உண்டு. ஒற்றை விரலால் ஒரு கோட்டைத் தொட்டு அழைப்பை அறுக்கும் காலம் போய்விட்டது. கை விழுங்கும் பங்கு மட்டும் போகவில்லை. அது இயற்கை, உடம்பு பெரும்பாலும் நீர். டென்மார்க்கின் ஓல்போர்க் பல்கலைக்கழகம் 2016 இல் வெளியிட்ட சோதனையிலும் ஒரே போன் இடக்கையில் ஒரு மாதிரியும் வலக்கையில் வேறு மாதிரியும் நடந்துகொண்டது.

முதலில் சோதனை

மேசையில் போனை வைத்து டிபிஎம் எண்ணைத் திறந்து அரை நிமிடம் பாருங்கள். எண் துள்ளும், சராசரியாக எங்கே நிற்கிறது என்று மனதில் வாங்குங்கள். பிறகு வழமையாகப் பேசும் கையால், கீழ்ப்பாதி உள்ளங்கைக்குள் வரும்படி பிடித்துக்கொண்டு இன்னொரு அரை நிமிடம். பிரதான அன்டெனா பொதுவாக அடிப்பக்கத்தில்தான் இருக்கும், தலையில் படும் கதிர்ப்பைக் குறைக்கத் தயாரிப்பாளர்கள் அதை அங்கே கொண்டுபோனார்கள். 5, 6 டெசிபெல் இறங்கினால் அது எல்லாப் போனுக்கும் உள்ள விதி. 15 க்கு மேல் விழுந்தால் கையோ கவரோ காரணம்.

அடுத்து, வீட்டில் இன்னொருவரின் போனை அதே மேசையில் வைத்து உங்கள் சிம்மை அதில் போடுங்கள். அதிலும் மறை 110 என்றால் போனை விட்டுவிடலாம், குற்றவாளி சுவர் அல்லது கம்பனி. மற்றப் போன் 10, 15 டெசிபெல் நன்றாகக் காட்டினால் உங்கள் போனுக்குள் ஏதோ இருக்கிறது. ஒரு தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் முடியும் வேலை. இதைச் செய்யாமல் லிபர்ட்டி பிளாசாவுக்குப் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் வயிறு எரியும்.

கையும் கவரும்

செலவில்லாத வழிகளைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். மேல்பாதியில் பிடிப்பது, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைப்பது, இயர்போன் பாவிப்பது. மூன்றும் வேலை செய்யும். கையும் தலையும் விலகினால் கையிருப்பு கூடும் என்பது கணக்கு. ஆனால் அம்மாவிடம் போய்ப் போனை இப்படிப் பிடியுங்கோ என்று சொல்லிப் பாருங்கள். ஜொப்ஸுக்கு நடந்ததுதான் நடக்கும். ஒரு வாரத்துக்கு மேல் எவரும் கடைப்பிடிக்காத வழியை நான் தீர்வு என்று எண்ணுவதில்லை.

கவர் கதை வேறு. சாதாரண ரப்பர் கவர் தீங்கு செய்யாது, தோலைப் பட்டியிலிருந்து ஒரு மில்லிமீற்றர் தள்ளி வைப்பதால் சிறிது நன்மையும் செய்யலாம். கெடுப்பது உலோகம். புறக்கோட்டைத் தெருவோரத்தில் பளபளக்கும் அலுமினிய விளிம்புக் கவர்கள், காரின் காந்தப் பிடியில் ஒட்டுவதற்காகப் பின்பக்கம் சொருகும் இரும்புத் தகடு, விரல் மோதிரத்தின் அடித்தகடு, கடனட்டைக்குப் பாதுகாப்பு என்று உலோகத்தாள் வைத்துத் தைத்த பர்ஸ் கவர், இவை எல்லாம் சந்தேகத்துக்குரியவை. நிஜமான கார்பன் நார்க் கவரும் மின்னைக் கடத்தும். கழற்றிவிட்டு அதே மேசைச் சோதனையைச் செய்தால் தெரிந்துவிடும். காந்தத்துக்கென்றே தயாரிப்பாளர் உள்ளே வளையம் வைத்துச் செய்த போன்களுக்கு இந்தப் பயம் தேவையில்லை, அந்த வளையத்தையும் கணக்கில் எடுத்தே அன்டெனாவை அமைக்கிறார்கள்.

கழற்றிய போன்

சிக்னல் ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து கெட்டுப்போனதா, அந்த நாளுக்குக் கொஞ்சம் முன்னால் டிஸ்பிளேயோ பற்றரியோ மாற்றினீர்களா? ஆம் என்றால் மற்ற எந்தத் தெரிவையும் யோசிக்க வேண்டாம். நேரே திருத்தும் கடை.

போன் இரண்டு பலகைகளாக இருக்கிறது. மேலே பிரதான போர்ட், கீழே சார்ஜ் ஓட்டையோடு சேர்ந்த சப் போர்ட். நடுவில் பற்றரி. பெரும்பாலான ஆன்ட்ரொய்ட் போன்களில் மேலிருந்து கீழ் அன்டெனாவுக்கு அலையைக் கொண்டுபோவது நூல் தடிப்பான ஒரு கேபிள். அதன் இரு நுனியிலும் கடுகளவில் வட்டக் கொழுவி. சரியாக அமுங்கினால் டிக் என்று விரலுக்குத் தெரியும். அமுங்காமல் மேலே கிடந்தாலும் மூடியைப் போட்டு ஒட்டிவிடலாம், போன் இயங்கும், வாடிக்கையாளர் காசு கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

இப்படி ஒரு போனோடு வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் உள்ள சின்னக் கடைக்குப் போயிருந்தேன். பையன் பின்மூடியைச் சூடாக்கிக் கிளப்பி, லாம்பை இழுத்து வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணை, இதை முந்தி ஆரும் கழட்டினவையோ?"

"ஓம் தம்பி, டிஸ்பிளே மாத்தினது."

"அதுதானே பாத்தன். இதில ரெண்டு ஸ்குரூவைக் காணேல்ல. கேபிளும் கொழுவுப்படாமல் கிடக்குது."

ஸ்குரூவுக்கும் சிக்னலுக்கும் என்ன என்று கேட்டேன். போனைக் கழற்றுகிறவர்கள் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள் என்றான். அவன் சொன்னது சரி. அந்தச் சிறு ஆணிகளில் சில போர்ட்டை உலோகச் சட்டத்தோடு இணைத்து அன்டெனாவுக்கு நிலத் தொடுப்பு (எர்த்) கொடுப்பவை. இல்லாவிட்டால் இசைவு பிசகும். அடியில் ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறதே, பல மாடல்களில் அன்டெனாக் கோடுகள் அதன் பிளாஸ்டிக்கின் மேலேயே படிந்திருக்கும், பொன்னிறச் சுருள் தொடுப்பு ஒன்று போர்ட்டிலிருந்து எழும்பி அதைத் தொடும். மலிவான ஸ்பீக்கர் பெட்டியை மாற்றிப் போட்டாலும், அந்தச் சுருள் வளைந்துபோனாலும் சிக்னல் போய்விடும். பையன் கேபிளைக் கொழுவி, பழைய போர்ட் ஒன்றிலிருந்து இரண்டு ஆணி கழற்றிப் போட்டான். அறுபட்ட கோல்கள் அன்றோடு நின்றன.

இந்த வகைப் பழுதுக்கு ஓர் அடையாளம் உண்டு. கோடுகள் ஓரளவு நன்றாகவே தெரியும், உங்களுக்கு மறுபக்கம் கேட்கும், அவர்களுக்கு உங்கள் குரல் கேட்காது. போனில் வாங்குவதற்கு மேல் அன்டெனா துணை நிற்கிறது, அனுப்புவதற்குப் பெரும்பாலும் கீழ் அன்டெனாவே பொறுப்பு. கோடுகள் காட்டுவது வாங்கும் பக்கத்தை மட்டும். கோபுரம் பல வாட் பலத்தில் கத்தும், 4ஜி போன் அனுப்புவது உச்சமாக ஒரு வாட்டின் ஐந்தில் ஒரு பங்கு. கேட்பிக்க முடியாமல் முழுப் பலத்தோடு கத்திக்கொண்டே இருப்பதால் பற்றரியும் சீக்கிரம் இறங்கும், போனும் சுடும்.

சப் போர்ட்டையே மாற்றினாலும் நடுத்தர ஆன்ட்ரொய்ட் போனுக்குச் செலவு புதுப் போன் விலையோடு ஒப்பிடும் அளவில் இல்லை. ஆனால் அலையைக் கையாளும் சிப்பான நெட்வேர்க் ஐசி போய்விட்டது, போர்ட்டில் வேலை செய்யவேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் நான் அங்கே நிறுத்துவேன். அந்த வேலை நன்றாக அமைவது கைராசி. அந்தக் காசைப் புதுப் போனுக்கு முற்பணமாக எண்ணுவது மேல்.

இரண்டாவது சிம்

மேசைச் சோதனையில் போன் தப்பிவிட்டது, சுவரோ கம்பனியோ என்ற சந்தேகம் மிஞ்சுகிறது என்றால், அடுத்த மலிவான வழி இரண்டாவது சிம். எயார்டெல் 2024 இல் டயலொக்கோடு சேர்ந்தபிறகு நம்மிடம் மூன்று வலையமைப்புகள்: டயலொக், எஸ்எல்டி மொபிடெல், ஹட்ச். எது சிறந்தது என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை, ஒருவரிடமும் இருக்க முடியாது. உங்கள் அறைக்கு எந்தக் கோபுரம் நேராகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது அது. இராமகிருஷ்ண வீதியில் ஒரு வீட்டில் வெல்லும் சிம் இரண்டு ஒழுங்கை தள்ளித் தோற்கும். பக்கத்து வீட்டாரின் போனை வாங்கி உங்கள் படுக்கையறையில் வைத்து எண்ணைப் பார்ப்பதே நம்பத்தக்க விளம்பரம்.

போனில் இரண்டாவது சிம்முக்கு இடம் இருந்தால் பழைய எண்ணை விடாமல் இதைச் செய்யலாம். அதில் ஒரு குறை இருக்கிறது. வெளியே போகும் அழைப்பு மட்டுமே சீராகும். மற்றவர்கள் எல்லோரிடமும் இருப்பது பழைய எண், அவர்களுடைய அழைப்பு பழைய சிம்முக்கே வரும், அது உள்ளறையில் அறுபடவே செய்யும். அழைப்பை மற்ற சிம்முக்குத் திருப்பிவிடலாம், அதற்கும் கட்டணம் ஓடும். ஆகவே அதிகம் வெளியே கூப்பிடுகிறவருக்கு இது தீர்வு. வரும் அழைப்பில் பிழைப்பு நடத்துபவருக்கு அரைத் தீர்வு.

வைபை கோலிங்

வீட்டில் பைபர் இணைப்பு இருப்பவர்களுக்கு என் தெரிவு இதுதான், தயக்கமில்லாமல் சொல்கிறேன். போன் கோபுரத்தோடு பேசாமல் வீட்டு ரவுட்டரோடு பேசும். உங்கள் எண்ணுக்கு வரும் சாதாரண அழைப்பே வைபை வழியாக வந்து மணியடிக்கும். கூப்பிடுபவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ரவுட்டர் சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பதால் கொங்கிரீட்டும் கண்ணாடியும் கடலும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன. கை 15 டெசிபெல் எடுத்தாலும் எடுக்கட்டும்.

வட்ஸ்அப் இருக்கிறதே, அதில் பேசினால் போயிற்று என்பார்கள். கனடாவில் இருக்கும் மாமாவோடு பேச அது போதும். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்பும், வங்கியிலிருந்து வருவதும், கூரியர் பையன் கேற்றடியில் நின்று எடுப்பதும் வட்ஸ்அப்பில் வருவதில்லை.

இதில் சிக்கும் இடம் ஒன்று. வைபை கோலிங்கும், 4ஜி வழியாகவே பேச்சை நடத்தும் வோல்டியும் எல்லாப் போனிலும் எல்லாக் கம்பனியோடும் வேலை செய்யாது. கம்பனியும் தயாரிப்பாளரும் சேர்ந்து ஒவ்வொரு மாடலுக்கும் திறந்துவிட வேண்டும். டுபாயிலிருந்து தம்பி கொண்டுவந்த போன், சிங்கப்பூர் செட், சீனப் பதிப்பு, இவற்றில் வன்பொருள் இருந்தும் இங்குள்ள சிம்முக்கு அந்தச் சாவி திறக்காமல் இருப்பது சாதாரணம். செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் போய் அந்தப் பொத்தான் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் ஒருமுறை மென்பொருளைப் புதுப்பித்துவிட்டுக் கம்பனியின் சேவை இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

வோல்டியும் சும்மா இல்லை. அது இல்லாத போன் 4ஜி இல் இருந்தாலும், அழைப்பு வந்தவுடன் பழைய வலையமைப்புக்கு இறங்கிப் பேச்சை ஏற்கவேண்டும். பலவீனமான அறையில் அந்த இறக்கத்தின்போதே அழைப்பு விழுந்துவிடும். மணியடிக்கும், எடுத்தால் அமைதி, பிறகு கட். அன்டெனாவைத் திட்டுவதற்கு முன் இந்தப் பொத்தானைப் பார்த்துவிடுங்கள்.

மின்வெட்டு? நியாயமான கேள்வி. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த ஊர் இது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க மின்சாரம் போனதும் மறக்கவில்லை. ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் பெட்டிகள் யூனிட்டி பிளாசாவில் கிடைக்கின்றன. பைபருக்கும் ரவுட்டருக்கும் தேவைப்படும் மின்சாரம் மிகக் குறைவு, சில மணித்தியாலம் தாங்கும். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடென்றால் பைபரோடு வரும் லேண்ட் லைனில் நல்ல பழைய ரிசீவர் ஒன்றைக் கொழுவிவிடுவது இன்னும் மேல். யாரும் அதைத் தவறாகப் பிடிக்க முடியாது.

பூஸ்டர் பற்றி ஒரு பத்தி போதும். இணையத்தில் வாங்கும் சிக்னல் பூஸ்டர் ஒரு வானொலிப் பரப்பி. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டப்படி அப்படியான கருவிக்கு உரிமம் வேண்டும். சட்டத்தை விட்டாலும், வெளி அன்டெனாவும் உள் அன்டெனாவும் ஒன்றையொன்று கேட்டால் அது ஊளையிடத் தொடங்கி முழுக் கட்டடத்தினதும் அழைப்புகளைக் கெடுக்கும். சிக்னலைக் கூட்டும் என்று பின்பக்கம் ஒட்டும் பொன்னிற ஸ்டிக்கர் அதைவிடப் பாதகமில்லாதது, ஏனென்றால் அது ஒன்றும் செய்யாது. பல வீடுகள் உள்ள கட்டடம் என்றால் நிர்வாகக் குழு கையெழுத்துப் போட்ட கடிதம் கம்பனிக்குப் போவது பலன் தரக்கூடும், உள்ளே அன்டெனா பொருத்தித் தருவது அவர்களுக்குத் தெரியாத வேலையில்லை. அவசரக்காரருக்கு அந்த வழி சரிவராது.

வாங்கத்தான் வேண்டுமென்றால்

எல்லாம் பார்த்தாயிற்று. மற்றப் போன் நன்றாக எடுக்கிறது, உங்கள் போனைத் திருத்தவும் வழியில்லை. சரி, வாங்குங்கள். உலோகச் சட்டமா பிளாஸ்டிக்கா என்று அன்டெனாவை வைத்துக் கவலைப்பட வேண்டாம். உலோகச் சட்டத்தில் ஓரங்களில் தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் கோடுகள் அலங்காரமில்லை, அந்த உலோகத்தையே தனித்தனி அன்டெனாக்களாகப் பிரிப்பவை. நன்றாக அமைத்த உலோகப் போன், மோசமாக அமைத்த பிளாஸ்டிக் போனை வெல்லும். ஐபோன் 4 இன் பிழை உலோகம் இல்லை, கோடு விழுந்த இடம்.

நான் பார்ப்பது வேறு மூன்று. இலங்கையின் 4ஜி க்கு முக்கியமான 1800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையோடு, சுவரை ஓரளவு ஊடுருவும் 900 உம் அந்தப் போனில் இருக்கிறதா. உங்கள் கம்பனிக்கு வோல்டியும் வைபை கோலிங்கும் அந்த மாடலில் திறந்திருக்கிறதா. தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த செட்டா. கடைசியை அறிய *#06# என்று அடித்து 15 இலக்க எண்ணை எடுத்து, ஆங்கில எழுத்தில் ஐஎம்இஐ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதில் வரும். காசு கொடுக்கும் முன் அனுப்புங்கள், கொடுத்த பின் அனுப்பி என்ன பயன்.

லிபர்ட்டி பிளாசாவானாலும் முதலாம் குறுக்குத் தெருவானாலும் கடைக்காரர் போனை வாசலில் வைத்துத்தான் காட்டுவார், வாசலில் எல்லாப் போனும் ராசாதான். உங்கள் சிம்மைப் போட்டு, கடையின் உள்மூலைக்குப் போய், கீழ்ப்பாதியைக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஒரு கோல் எடுங்கள். எடுக்கிறவரிடம், என் குரல் விட்டு விட்டு வருகிறதா என்று கேளுங்கள். கையில் இருக்கும் பழைய போனாலும் அதே மூலையில் நின்று இன்னொரு கோல். இரண்டுக்கும் பதில் ஒன்றென்றால் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு வரலாம், அந்தக் காசில் ரவுட்டருக்கு யூபிஎஸ் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம்.